அம்மாவின் வெள்ளைச் சப்பாத்து

என் ஒன்பதாவது வயதில் எங்கள் வீட்டுக் கார் தெருவுக்குத் துரத்தப்பட்டது. அது நின்ற இடத்தில் ஒரு பாய்மரப் படகு வந்து உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் இருந்தது ஆயர் ஈத்தாமில். பினாங்கு ஒரு தீவு என்று பள்ளிப் புத்தகம் சொன்னாலும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கடலோடு பெரிய பழக்கம் கிடையாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மலையும், மலையிலிருந்து இறங்கும் மழையும், சந்தை முனையில் நிற்கும் பேருந்தும்தான். அப்படிப்பட்ட இடத்தில், வரிசை வீட்டு வாசலில், டிரெய்லர் மேல் பதினேழு அடிப் படகு. எங்கள் முன்வாசல் பதினைந்து அடி. மிச்சம் இரண்டு அடியும் அதற்கு மேல் படுத்திருந்த பாய்மரமும் கேட்டைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தன. கேட்டை அதற்குப் பிறகு சாத்தவே இல்லை. பாய்மர நுனியில் யார் தலையும் இடிபடக் கூடாது என்று அப்பா தன் பழைய சிவப்பு டீ சட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துவிட்டு, மாலையில் வந்து அப்பாவிடம் மலாய் மொழியில் ரகசியமாக, “வெள்ளம் வரப்போகுதா? எனக்கும் சொல்லிடு” என்று கேட்டார்.

அப்பாவுக்கு வெள்ளத்தைவிடப் பெரிய கவலை இருந்தது. தெருவில் நின்ற அவர் கார்மேல் ஒரு மாமரம் நிழல் தந்தது. அந்த மரத்தில் ஊர்ப்பட்ட மைனாக்கள் குடியிருந்தன. காலையில் வாளியும் துணியுமாக வெளியே போவார். “என் காடி இப்ப என்ன கலருன்னு எனக்கே மறந்துபோச்சு” என்பார். ஆனால் படகை வாங்கிய ஆளிடம் நேரே அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கியவர் என் சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. தாதியாக ஆறு வருடம் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். வந்த அன்று அந்த அறையின் நடுவில் திறந்து வைத்த பெட்டி எட்டு மாதமாக அப்படியே தரையில் கிடந்தது. மூடவும் இல்லை, காலியாகவும் இல்லை. பக்கத்திலேயே அம்மா ஒழித்துக் கொடுத்த அலமாரி வெறுமையாக நின்றது. சித்தி துணியைப் பெட்டியிலிருந்து எடுப்பார், உடுத்துவார், துவைப்பார், மடித்து மறுபடியும் பெட்டியிலேயே வைப்பார். எனக்கு அந்தப் பெட்டி ரொம்பவும் பிடிக்கும். அதன் ஓரப் பையில் ஒரு தகர டப்பா நிறைய ஸ்காட்லாந்து வெண்ணெய் பிஸ்கட்டுகள் இருந்தன. தரையில் உட்கார்ந்து கை நீட்டினால் எட்டும் உயரம். டப்பா தீரும் சமயம் பார்த்து அங்கிருந்து இன்னொன்று தபாலில் வரும்.

மாதம் ஒருமுறை அந்த ஊர் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பும் வரும். சித்தி வாசலுக்குப் போய் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று முடிப்பார். எதை யோசிக்கிறார் என்று நான் கேட்டதில்லை. பெரியவர்கள் எதையாவது யோசித்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்பது அப்போது என் எண்ணம்.

சித்தியின் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடல். கீழே விழுந்த அப்பளம் மாதிரி அத்தனை தீவுகள். கூட வேலை பார்த்த இன்னொரு தாதியிடம் இதே மாதிரி சிறிய படகு ஒன்று இருந்ததாம். விடுமுறை கிடைத்தால் இருவரும் அதைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு சாலை எங்கே முடிகிறதோ அங்கே போவார்கள். அங்கே படகை இறக்கித் தீவு தீவாகப் போவார்கள். செம்மறி ஆடுகள் மட்டும் இருக்கும் தீவு, பதினோரு பேர் மட்டும் இருக்கும் தீவு, யாருமே இல்லாமல் காற்று மட்டும் இருக்கும் தீவு. ஒரு தீவில் அந்தப் பதினோரு பேரும் இவர்களைப் பார்க்கக் கரைக்கே வந்துவிட்டார்களாம். இரவு பத்து மணிக்கும் வெயில் அடிக்குமாம். நீர்நாய்கள் தலையை வெளியே நீட்டிப் பார்க்குமாம், சரியாக என் தலைமையாசிரியர் முகத்தோடு. சித்தி பெட்டிக்குள்ளிருந்து காரமான மிளகாய்ச் சம்பால் போத்தலை எடுத்து, அந்தக் குளிரில், ஆடும் படகில் மேகி மீ சமைத்து, அந்த வெள்ளைக்காரத் தாதியைக் கண்ணீர் விட வைத்த கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

“இங்கயும் தீவு இருக்குலா” என்பார் சித்தி. “பூலாவ் அமான், கெடுங், ரிமாவ்... யாரு போறோம்? காடியில இழுத்துட்டுப் போயி இறக்குனா முடிஞ்சுது.”

ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்துதான் படகு கிடைத்தது. அம்மா அதைப் பார்த்த அன்றே இரும்பு அலமாரியைத் திறந்து சித்தியின் சாதகத்தை வெளியே எடுத்துவிட்டார். அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணி. எழுத்தில் இருப்பதை நம்புகிறவர்.

“தெளிவா எழுதியிருக்கு, நீரில் கண்டம்னு. நீ என்னடான்னா கடலுக்குப் போறேங்கிற.”

“ஆறு வருசம் அந்தக் கடல்லதானேக்கா கெடந்தேன். ஒரு கண்டமும் வரல.”

“அங்க குளிரு. அதான் வரல.”

“கண்டத்துக்கும் குளிரும் போலருக்கு” என்றார் அப்பா, நாளிதழுக்குப் பின்னாலிருந்து.

ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் அம்மா துலக்க, சித்தி துடைக்க, நான் பக்கத்தில் நின்றபடி கேட்ட பேச்சு அது.

“ஒரு தடவ நானும் பாப்பாவும் வரோம். பூலாவ் அமானுக்குக் கூட்டிட்டுப் போ. என் கால் நனையாம திரும்பக் கொண்டாந்து விட்டுட்டா படகு இருக்கட்டும். ஒரு சொட்டு நனைஞ்சாலும் வித்துரணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் சித்தி. ஒரு தட்டைத் துடைத்து முடித்த பிறகு சிரித்துக்கொண்டே, “வித்துட்டா அப்புறம் நான் இங்க இருந்து என்னக்கா பண்றது?” என்றார்.

அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. குழாயை மட்டும் இறுக்கி மூடினார். நான் சித்தியின் பக்கம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். படகு விற்கப்பட்டால் தலைமையாசிரியர் முகமுள்ள விலங்குகளை நான் எப்போது பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை பயணம். சனிக்கிழமை மாலை படகுக்குப் பூசை. புதுக் கார் வாங்கினால் செய்வதைத்தான் அம்மா படகுக்கும் செய்தார், ஆனால் கண்டம் இருக்கிற காரணத்தால் கொஞ்சம் கூடுதலாக. மூக்கில் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் கீழே வைக்க எலுமிச்சம்பழம் வேண்டும். அம்மா வேலை முடிந்து சந்தைக்குப் போவதற்குள் நல்ல பழமெல்லாம் தீர்ந்துவிட்டது. மிஞ்சியிருந்தது கஸ்தூரி எலுமிச்சை, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய், தண்ணீரில் பிழிந்து குடிப்பதும் சம்பாலுக்குப் பிழிவதும் அதைத்தான். “எலுமிச்சை எலுமிச்சைதான்” என்று ஒரு பை நிறைய வாங்கி வந்துவிட்டார். சக்கரத்துக்கு வைத்ததுபோக மிச்சத்தில் ஏழு பழங்களைப் பச்சை மிளகாயோடு கோத்துப் பாய்மரத்தில் தொங்கவிட்டார். கண்ணேறு பட்டால் அதன்மேல் படட்டும்.

பிறகு அபிஷேகம். கார் என்றால் தண்ணீர் தெளித்தால் போதும். படகு உள்ளே குழிவாக இருந்தது அம்மாவுக்கு ஊக்கம் தந்துவிட்டது. மூன்று செம்புத் தண்ணீர், ஒரு செம்பு பால், அரைப் போத்தல் பன்னீர். சித்தி அன்று மாலை வேலையில் இருந்ததால் தடுக்க ஆளில்லை. சூடம் காட்டி முடித்தபோது படகின் அடியில் வெள்ளையாக ஒரு குட்டிக் குளம் நின்றது. பினாங்கு வெக்கையில் பால் காலைக்குள் என்ன வாடை அடிக்கும் என்று அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

“பாப்பா, இது எப்படி வெளிய போகும்?”

எனக்குத் தெரியும். சித்தி படகைக் கழுவும்போதெல்லாம் நான்தான் கூட நிற்பேன். படகின் பின்சுவரில், அடியோடு ஒட்டி, ஒரு சின்ன ஓட்டை. அதில் ஒரு கறுப்பு ரப்பர் தக்கை. ஏறிப் போய்ப் பிடுங்கினேன். பால் தெருச் சாக்கடைவரை ஓடியது, பின்னாலேயே இரண்டு பூனைகளும் ஓடின. தக்கையைக் கீழே வைத்தால் உருண்டு தொலைந்துவிடும் என்று மிகவும் பொறுப்பாகப் பூசைத் தட்டில், மிச்ச எலுமிச்சைகளுக்கு நடுவே வைத்தேன். அம்மா தட்டைப் பார்த்தார். இதுவும் படகின் உறுப்புதான் என்று தெரிந்ததும் அதற்கும் சந்தனம் தொட்டு ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

“ராத்திரி சாமிகிட்டயே இருக்கட்டும்” என்று தட்டைப் பூசையறைக்குள் கொண்டுபோனார். நாங்கள் இரண்டு பேரும் மனநிறைவோடு தூங்கப் போனோம்.

மறுநாள் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அப்பா நாளிதழையே கீழே வைத்துவிட்டார். பஞ்சாபி சூட், அதன்மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், காலில் வெள்ளைக் காலுறை, புத்தம்புது வெள்ளைச் சப்பாத்து. நான் பள்ளிக்கூடத்துக்குப் போடும் அதே கான்வாஸ் சப்பாத்துதான், பெரிய அளவில். ஜெலுத்தோங்கில் தேடி வாங்கியிருந்தார். நனைந்தால் மறைக்க முடியாது, அதனால்தான் வெள்ளை என்றார். எதிலும் நேர்மை வேண்டும் அம்மாவுக்கு. ஒருமுறை கடையில் ஓர் அழிப்பான் கூடுதலாக என் பையில் வந்துவிட்டதென்று, மழையில் குடை பிடித்து என்னைத் திரும்ப நடத்திக் கூட்டிப்போனவர்.

அப்பா காரை ஓட்ட, படகு பின்னால் வர, பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போனோம். பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் மீனவர்கள் படகு இறக்கும் சரிவு ஒன்று இருந்தது, அதன் அருகில் ஆட்கள் ஏற ஒரு துறை. சரிவில் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்பா ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினால் டிரெய்லர் வலதுபக்கம் போனது. வலதில் திருப்பினால் அது யோசித்துவிட்டு மறுபடியும் வலதுபக்கமே போனது. பத்து நிமிடத்தில் எட்டு மீனவர்கள் கூடி மூன்று மொழியில் வழி சொன்னார்கள். அப்பாவின் காது சிவந்தது. சித்தி மெதுவாக வந்து, “மச்சான், கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்களேன்” என்றார். அப்பா தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஒரே தடவையில் படகு கடலில் இருந்தது. அதன் பிறகு அப்பா வெகுநேரம் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வருவதாக இல்லை. நடுவராகக் கரையில் இருப்பதாகச் சொல்லி, மரத்தடியில் நாளிதழைப் பிரித்துவிட்டார்.

சித்தி படகைத் துறையோடு ஒட்டிப் பிடித்தார். அம்மா புதுவீட்டில் நுழைவதுபோல வலது காலை முதலில் வைத்து ஏறினார். பின்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் எதிர்ப்பலகையில் தூக்கி வைத்துக்கொண்டார். சப்பாத்து இரண்டும் வெயிலில் பளபளத்தன.

சிறிய இயந்திரம் கொஞ்ச தூரம் தள்ளியது. பிறகு சித்தி அதை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினார். அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. சத்தம் எல்லாம் ஒரேயடியாக நின்றது. பாய் ஒருமுறை உதறிக்கொண்டு காற்றைப் பிடித்தது, படகு சற்றே சாய்ந்து, யாரும் தள்ளாமலேயே போகத் தொடங்கியது. எலுமிச்சைச் சரம் ஆடியது. அம்மாவின் துப்பட்டா எழுந்து அவர் முகத்திலேயே அடித்தது. அம்மா சிரித்துவிட்டார், பிறகு ஏதோ தப்புச் செய்தவர்போல வாயை மூடிக்கொண்டார். சித்தி சுக்கானைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தார். எட்டு மாதத்தில் நான் பார்த்திராத முகம் அது. அவருக்கு அப்போது வயது முப்பத்துநான்கு. அந்த நிமிடம் என் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தார்.

பூலாவ் அமானின் மரங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியிருந்தன. நான் தரைப்பலகையில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தேன். திடீரென்று என் பாவாடை குளிர்ந்தது. பலகை எனக்குக் கீழே மெல்ல எழுந்தது. கச்சான் டப்பா என்னைத் தாண்டி அதன் போக்கில் மிதந்து போனது.

“சித்தி, தண்ணி.”

சித்தி குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நோயாளியிடம் பேசும் குரலில், “பாப்பா, பின்னால அந்த ஓட்டையில தக்கை இருக்கா பாரு” என்றார்.

நான் பார்க்கவே வேண்டியதில்லை. “இல்ல. சாமித் தட்டுல இருக்கு.”

“எங்க?”

“நான்தான் பிடுங்கினேன். பால் போறதுக்கு.”

“நான்தான் உள்ள எடுத்து வெச்சேன்” என்றார் அம்மா. “பொட்டெல்லாம் வெச்சு, சாமிகிட்டதான் பத்திரமா இருக்கு.”

“சாமிக்கு அது எதுக்குக்கா? ஓட்டை இங்கல்ல இருக்கு?”

சொல்லிவிட்டு சித்தி சிரித்தார். ஆனால் அம்மாவின் கால்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. சப்பாத்துகள் இன்னும் வெள்ளையாக, உலர்ந்து, பலகைமேல் இருந்தன. அவற்றுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் துணியைத் திணித்தோம். கடல் அதைத் திருப்பித் தள்ளியது. உருண்டையாக ஏதாவது வேண்டும் என்றார் சித்தி. உருண்டையாக எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா எட்டிப் பாய்மரத்திலிருந்த சரத்தை அறுத்துக் கொடுத்தார். நான் தண்ணீரில் கைவிட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். முதல் பழம் சின்னது, ஓட்டை வழியாகக் கடலுக்கே போய்விட்டது. இரண்டாவது பெரியது. மூன்றாவது, செய்து வைத்ததுபோல உட்கார்ந்தது. அம்மா தேடிய நல்ல பழம் கிடைத்திருந்தால் ஆரஞ்சு அளவுக்கு இருந்திருக்கும், ஒன்றுக்கும் உதவியிருக்காது. ஆனால் கையை எடுத்தவுடன் இதுவும் பிதுங்கிக்கொண்டு உள்ளே வந்தது. யாராவது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் கைக்கு அவ்வளவு வலு இல்லை, பூசைக்குப் பிறகு படகிலேயே கிடந்த செம்பை எடுத்து நான் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றவும் வேண்டும். சித்தி சுக்கானையும் பாயையும் விட முடியாது.

மிச்சம் இருந்தது அம்மா. ஓட்டை அவர் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் கீழே.

அம்மா தன் சப்பாத்துகளைப் பார்த்தார். அப்புறம் தங்கையைப் பார்த்தார். சித்தி கண்ணைத் திருப்பிப் பாயைப் பார்ப்பதுபோல இருந்துகொண்டார். படகு கையைவிட்டுப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் என்னால்தான். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே மொண்டு ஊற்றினேன்.

அம்மா வலது காலைத் தண்ணீருக்குள் இறக்கினார். கணுக்கால்வரை முங்கியது. குதிகாலைப் பின்னுக்கு ஊன்றிப் பழத்தை அழுத்தினார். இடது காலைப் பலகைமேலேயே வைத்துக்கொண்டார்.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“போனாலும் இவ்வளவுதான்க்கா. திரும்புனாலும் இவ்வளவுதான்.”

“அப்ப போ.”

சித்தி பாயை இழுத்துப் பிடித்தார். படகு சாய்ந்து ஓடியது. நான் மொள்ள மொள்ளத் தண்ணீர் குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா, “ஸ்காட்லாந்துலயும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“அங்க எலுமிச்சை கெடைக்காதுக்கா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, மாறி மாறி ஒருவரைப் பார்த்து ஒருவர். அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு அதில் சிரிக்க என்ன இருந்தது என்று விளங்கவில்லை. விற்கப்போகும் படகில் உட்கார்ந்து யாராவது சிரிப்பார்களா?

தீவில் ஒரு மலாய்க்கார மீனவர் எங்களைப் பார்த்து ஓடி வந்தார். எல்லாரும் சேர்ந்து படகை மணலில் இழுத்தோம், உள்ளே வந்த தண்ணீர் வந்த வழியாகவே வெளியே போனது. பாக்சிக் என்று நாங்கள் கூப்பிட்ட அந்தப் பெரியவர் நசுங்கிய எலுமிச்சையை எடுத்து முகர்ந்து பார்த்தார். இதைச் சம்பாலுக்கு அல்லவா பிழிவார்கள் என்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு மரத்துண்டைக் கத்தியால் செதுக்கி வெளியிலிருந்து ஓட்டையில் அடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இந்தக் கதை ஒரு மாதத்துக்குத் தாங்கும், அது போதும் என்றார்.

தீவில் இருந்த கடைக்குப் போய் இறால் போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட்டோம். அம்மா வலது சப்பாத்தைக் கழற்றிக் காலுறையைப் பிழிந்து சுவரில் காயப் போட்டார். மேகம் மூடியிருந்ததால் எதுவும் காயவில்லை. மீன் குழம்பு நிறத்தில் இருந்த அந்த மீயில் இறால்கள் என் உள்ளங்கை அளவு. நான் இரண்டுதான் தின்றேன், துக்கத்தில். சித்தியும் அதிகம் சாப்பிடவில்லை. கிளம்பும்போது ஈரச் சப்பாத்தை அம்மா மறுபடியும் காலில் மாட்டிக்கொண்டார்.

“செருப்பு இருக்கே பையில” என்றேன்.

“இது போதும்” என்றார் அம்மா.

திரும்பும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. வழி முழுக்க சித்தி எனக்குக் கயிறுகளைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார், ஆனால் பேச்சில் உயிர் இல்லை. துறை நெருங்கியதும் அப்பா நாளிதழை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி வந்து நின்றார். நடுவர் அல்லவா. அம்மா வலது காலை முதலில் வைத்துத் துறையில் ஏறினார்.

“என்னம்மா, கால் நனைஞ்சிச்சா?”

“இல்லையே.”

அம்மா சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். வலது கால் வைக்கும்போது சளக் என்றது. இடது கால் சத்தம் போடவில்லை. சளக், ஒன்றுமில்லை, சளக், ஒன்றுமில்லை என்று சிமெண்டுத் தரையில் தூரம்வரை போனார். பின்னால் வலது காலுக்கு மட்டும் ஈரத் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன.

என் வாய் தானாகவே திறந்தது. அழிப்பானுக்காக மழையில் நடந்த அம்மா பொய் சொல்லிவிட்டார். சித்தி கையில் பிடித்திருந்த கயிற்றைக் கட்டாமல் அப்படியே நின்றார். அப்பா அந்தத் தடங்களை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கச்சான் பூத்தே என்ற வறுகடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

“சரி, நனையல” என்றார். “படக ஏத்துங்க. மழை வரப்போவுது.”

இந்தத் தடவை டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ள அவர் முயற்சி செய்யவில்லை. சாவியைச் சித்தியிடம் நீட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. படகு முன்வாசலுக்குள் போனது, கார் மாமரத்தடிக்குப் போனது. சித்தி வெகுநேரம் குழாயைப் பிடித்துப் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய இடத்தையே திரும்பவும் கழுவினார். அப்பா ஈரச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு போய், கடைசி வெயில் படட்டும் என்று தன் கார்க் கூரைமேல் வைத்தார். மைனாக்கள் இருப்பது தெரிந்தும் வைத்தார். நான் பூசையறைக்குப் போய்ப் பொட்டு வைத்த தக்கையை எடுத்துச் சித்தியிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் அதற்குள் ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். எதற்கென்று தெரியவில்லை.

பிஸ்கட் தின்னலாம் என்று மாடிக்குப் போனேன். அங்கே அம்மா இருந்தார். சித்தியின் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க் குளிருக்கு வாங்கிய மஞ்சள் நிறக் கனத்த சட்டையைக்கூட நீவி மாட்டினார். எல்லாம் முடிந்ததும் பெட்டியை மூடி, பூட்டை அழுத்தி, ஈரத்துணியால் நான்கு பக்கமும் துடைத்தார். நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலே, சுவரை ஒட்டித் தள்ளி வைத்தார். சித்தி கதவருகில் வந்து நின்று அதைப் பார்த்தார்.

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். நான் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன். ஓரப் பையில் டப்பாவில் இன்னும் பாதிக்கு மேல் பிஸ்கட் இருந்தது. இனி எனக்கு எட்டாதே என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை.